ஒரே ஊசியில் எலி நடந்ததா? 'ஆடும் மூலக்கூறுகள்' சாமுவேல் ஸ்டப்பின் ஆய்வு வாழ்க்கை பற்றி

எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "தண்டுவடம் நசுங்கி முடங்கிப்போன எலியை ஒரே ஊசியில் நடக்க வைத்த 'ஆடும் மூலக்கூறுகள்' பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். செய்தவர் டாக்டர் இல்லை, வேதியியல் பேராசிரியர் என்கிறார்கள். இது உண்மையா? வேதியியல்காரர் ஒருவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்? நம்மைப் போன்றவர்கள் இந்தத் துறைக்குப் போக முடியுமா?"

உண்மைதான், எலி வரைக்கும். போக முடியுமா என்றால் முடியும், கடைசியில் சொல்கிறேன். நடுவில் இருக்கும் கேள்விக்குத்தான் நீளமான பதில் தேவை, ஏனென்றால் அந்த வீடியோக்கள் எல்லாம் 2021இல் திடீரென்று ஏதோ கண்டுபிடித்த மாதிரிதான் காட்டுகின்றன.

முதலில் செய்தியை நேராக்கிக்கொள்வோம். 2021 நவம்பரில் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை அது. அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டியிருக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் நடத்தும் குழு செய்தது, முதல் ஆசிரியர் ஸைடா அல்வாரெஸ். எலிகளின் தண்டுவடத்தைக் கடுமையாக நசுக்கி, 24 மணி நேரம் கழித்து அந்த இடத்தில் ஒரு திரவத்தை ஊசி மூலம் செலுத்தினார்கள். உள்ளே போனதும் அது ஜெல்லாக மாறியது. நான்கு வாரத்தில் பின்னங்கால்களில் நடை திரும்பியது. 12 வாரத்துக்குள் ஜெல்லே சிதைந்து செல்களுக்கு உணவாகிப் போய்விட்டது. இதுவரைக்கும் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் விட்டது இன்னொன்று: ஒப்பிட்டுப் பார்த்த ஜெல்களில் இரண்டு, செல்லுக்குச் சொன்ன சேதியில் ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாதவை. செல்லைத் தொடும் நுனிப்பகுதி இரண்டிலும் அதே அமினோ அமிலங்கள். வேறுபட்டது செல்லின் கண்ணிலேயே படாத நடுப்பகுதி. அந்த நடுப்பகுதியை மாற்றியதால், ஜெல்லாகப் பின்னிக்கிடக்கும் நானோ இழைகளுக்குள் மூலக்கூறுகள் அதிகமாக அசைந்தன, அந்த ஜெல் போட்ட எலிகள் மற்றதைவிட நன்றாகத் தேறின. இதை ஒரு மருத்துவரோ உயிரியலாளரோ யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் சேதியைத்தான் மாற்றிப் பார்த்திருப்பார்கள். மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வேதியியல் கேள்வி, ஸ்டப் அதைத்தான் இருபது வருடத்துக்கும் மேலாக வேறு வேறு வடிவத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆள் யார் என்று சுருக்கமாக. 1951இல் கோஸ்டாரிகாவின் சான் ஹோசேவில் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் யு.சி.எல்.ஏ.வில் வேதியியல் பட்டம், 1977இல் நார்த்வெஸ்டர்னில் முனைவர் பட்டம், ஆனால் வேதியியலில் இல்லை, பொருளறிவியலில். அங்கேயே கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்துவிட்டு 1980இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்துக்குப் போனார். 1999இல் மறுபடி நார்த்வெஸ்டர்ன். இப்போது வேதியியல், பொருளறிவியல், மருத்துவம், உயிர்மருத்துவப் பொறியியல் என்று நாலு துறையிலும் அவருக்கு இடம் இருக்கிறது. இதை விருதுப் பட்டியல் மாதிரி சொல்லவில்லை. நீங்கள் கேட்ட "எப்படிப் போய்ச் சேர்ந்தார்" என்பதற்கு முதல் விடையே, பட்டப்படிப்பு முடிந்ததும் வேதியியல் துறையின் சுவருக்கு வெளியே போய்விட்டார் என்பதுதான்.

இல்லினாய் காலத்தில் அவர் செய்தது பெரும்பாலும் பாலிமர்களும் திரவப் படிகங்களும். நடுவில் செயற்கை எலும்புக்காக, கால்சியம் பாஸ்பேட் படிகம் வளரும்போதே அதற்குள் கரிமப் பொருளைச் சேர்த்துவிடும் 'ஆர்கனோஅபடைட்' வேலையும் இருந்தது. 1993இல் இரு பரிமாணப் பாலிமர். 1997இல் சயின்ஸில் வந்த இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. ஒரு பக்கம் விறைப்பான தண்டு, மறுபக்கம் வளைந்து நெளியும் வால், இப்படி ஒரு மூலக்கூறைச் செய்தார்கள். விறைப்பான பக்கங்கள் படிகமாக அடுக்கிக்கொள்ளப் பார்க்கும், வால்களோ இடம் போதாமல் ஒன்றையொன்று தள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம், ஏறத்தாழ நூறு மூலக்கூறு சேர்ந்ததும் கூட்டம் வளர்வதை நிறுத்திக்கொள்ளும், காளான் வடிவத்தில். அந்தக் காளான்கள் எல்லாம் ஒரே திசையில் தலைவைத்து அடுக்கி, ஒரு பக்கம் நீரை ஏற்கும், மறு பக்கம் நீரை ஒதுக்கும் படலமாக ஆயின. மருத்துவத்தோடு இதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இழுப்பும் தள்ளுதலும் சேர்ந்துதான் வடிவத்தையும் அளவையும் தீர்மானிக்கின்றன என்பது இங்கே கையில் வந்துவிட்டது, பிறகு வந்தது எல்லாம் அதே கணக்கைத் தண்ணீரில், அமினோ அமிலங்களைக் கொண்டு போட்டதுதான்.

நார்த்வெஸ்டர்னுக்கு வந்த பிறகு பிடித்த மூலக்கூறுக்குப் பெயர் பெப்டைடு ஆம்ஃபிஃபைல். ஒரு கொழுப்பு வாலும் ஒரு சிறு பெப்டைடும் (அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி) சேர்ந்தது, அவ்வளவுதான். இந்த யோசனை அவருடையது மட்டும் இல்லை. மாத்யூ டிரெல், கிரெக் ஃபீல்ட்ஸ் ஆகியோர் 1990களிலேயே பெப்டைடுக்குக் கொழுப்பு வால் மாட்டிப் பார்த்தவர்கள். ஸ்டப் குழு அதை நீண்ட இழையாக வளர வைத்தது. வால் பெரும்பாலும் பால்மிடிக் அமிலம், 16 கார்பன், பாமாயிலில் இருப்பதேதான். அதற்கு அடுத்து நாலைந்து அமினோ அமிலங்கள், வாலின், அலனின் மாதிரி, பக்கத்து மூலக்கூறோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு பீட்டா தாள் என்ற தட்டையான அடுக்கு ஆகக்கூடியவை. அதற்கு அடுத்து மின்னேற்றம் உள்ள சில, குளுடாமிக் அமிலம் அல்லது லைசின், தண்ணீரில் கரைவதற்காக. கடைசி நுனியில் செல்லுக்கான சேதி.

இதைத் தண்ணீரில் போட்டால் வால்கள் தண்ணீரைத் தவிர்க்க உள்பக்கம் ஒதுங்கும். இதுவரை சோப்புக் கதைதான், விட்டால் உருண்டையாகவே நின்றுவிடும். நடுப்பகுதியின் ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் ஒரே திசையில் வரிசையாகப் பிடித்துக்கொண்டு உருண்டையை நீண்ட உருளையாக்குகின்றன. இதை ஸ்டப்பிடம் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) செய்துவிட்டு ரைஸ் பல்கலைக்கழகம் போன ஜெஃப்ரி ஹார்ட்கெரிங்கின் குழு 2006இல் அழகாகக் காட்டியது: வாலுக்கு மிக அருகில் இருக்கும் நாலு அமினோ அமிலங்களில் ஹைட்ரஜன் பிணைப்பைக் கெடுத்தால் இழையே உருவாவதில்லை, தள்ளியிருப்பவற்றில் கெடுத்தால் பெரிய பாதிப்பு இல்லை. ஆக ஒரே மூலக்கூறுக்குள் வால் கூட்டுகிறது, மின்னேற்றம் விலக்குகிறது, நடுப்பகுதி வரிசைப்படுத்துகிறது. உப்போ கால்சியமோ வந்து மின்னேற்றத்தை மறைத்துவிட்டால் விலக்கம் குறைந்து இழைகள் பின்னிக்கொண்டு ஜெல் ஆகும், அதிலும் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். உடலுக்குள் இருக்கும் உப்பே இதற்குப் போதும். ஊசியில் திரவம், உள்ளே ஜெல் என்பதில் வேறு மாயம் இல்லை.

சரி, இதைச் செய்வது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் 'பயோமெட்டீரியல்' என்றதும் ஏதோ ஸ்டெம் செல் வேலை என்று நினைத்து வருகிறவர்கள் முதல் ஆறு மாதம் ரெசின் என்ற சின்னப் பாலிமர் மணிகளோடு உட்கார்ந்து திகைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். மெரிஃபீல்டுக்கு 1984இல் நோபல் வாங்கித் தந்த, பெப்டைடு செய்யும் திண்மநிலை முறைதான். ரெசினில் முதல் அமினோ அமிலத்தை மாட்டி, அதன் அமீனை மூடியிருக்கும் எஃப்மாக் தொப்பியைப் பிப்பெரிடின் என்ற காரத்தால் கழற்றி, அடுத்ததை மாட்டி, கழுவி, மறுபடி கழற்றி. ஒவ்வொரு தடவையும் சில மணிகளை எடுத்துச் சின்னக் குழாயில் போட்டு நின்ஹைட்ரின் விட்டுச் சூடாக்குவோம், கைசர் சோதனை. நீலம் வந்தால் இன்னும் வெறும் அமீன் மிச்சம் இருக்கிறது, இணைப்பு முடியவில்லை. மஞ்சளாகவே நின்றால் அடுத்ததற்குப் போகலாம். தொப்பி கழற்றிய பிறகு செய்யும்போது இதற்கு நேர் எதிர், நீலம் வந்தால்தான் நிம்மதி. கடைசியில் கொழுப்பு அமிலத்தையும் அதே மாதிரி மாட்டி, டிரைஃப்ளூரோஅசிடிக் அமிலத்தில் ரெசினிலிருந்து வெட்டி, ஜில்லென்ற ஈதரில் ஊற்றினால் வெள்ளையாக விழும். அதோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சுத்திகரிப்பு இருக்கிறது. சாதாரண பெப்டைடுகளை அமிலம் கலந்த கரைப்பானில் எச்.பி.எல்.சி. என்ற பிரித்தெடுக்கும் கருவியில் ஓட்டுவார்கள். குளுடாமிக் அமிலம் உள்ள இந்த வகையை அப்படி ஓட்டினால் மின்னேற்றம் போய், கருவியின் குழாய்க்குள்ளேயே கூடி ஜெல்லாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் அம்மோனியா கலந்த காரக் கரைப்பான். அப்புறம், லைசின் உள்ளவற்றில் ஒட்டிக்கொண்டு வரும் டிரைஃப்ளூரோஅசிடேட்டைக் குளோரைடாக மாற்றாமல் செல்லுக்குக் கொடுத்தால், செல் செத்தது மூலக்கூறாலா உப்பாலா என்று தெரியாமல் போகும். உயிரியல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, தெரிய வேண்டியவர் நீங்கள்தான்.

இந்த வரிசையில் முதல் பெரிய கட்டுரை 2001, சயின்ஸ். ஹார்ட்கெரிங், எலியா பெனியாஷ், ஸ்டப் மூவர். வாலுக்கு அடுத்து நாலு சிஸ்டீன், பிறகு மூன்று கிளைசின், பிறகு பாஸ்பேட் ஏறிய ஒரு செரின், நுனியில் செல் ஒட்டிக்கொள்ளும் ஆர்.ஜி.டி. என்ற மூன்றெழுத்துச் சேதி. அமிலமாக்கினால் 7 முதல் 8 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகள், பல மைக்ரோமீட்டர் நீளம். ஆக்சிஜனேற்றம் செய்தால் சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று கோத்து இழையைப் பூட்டிவிடும், திரும்ப ஒடுக்கினால் பூட்டுத் திறக்கும். இதில் கால்சியமும் பாஸ்பேட்டும் விட்டபோது இழைமேல் எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் படிகம் வளர்ந்தது, வளர்ந்த படிகத்தின் நீள அச்சு இழையின் நீளத்தோடு ஒத்துப்போனது. எலும்பில் கொலாஜனும் கனிமமும் இருக்கும் அதே ஒழுங்கு. (அந்தக் கொலாஜனின் மூவிழைச் சுருளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து 1954இல் முன்வைத்தவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். பெப்டைடு எந்தக் கோணங்களில் வளையலாம் என்று 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் பீட்டா தாள் பேசும் எல்லோரும் இன்றும் விரிக்கிறார்கள். இந்தத் துறையில் நமக்கு நேரான தொடர்பு அது, ஏனோ கல்லூரிப் பாடத்தில் ஒரு பத்தியோடு கடந்துவிடுகிறார்கள்.)

எலும்பிலிருந்து நரம்புக்கு வந்தது 2004இல். லாமினின் என்ற புரதத்தில், நரம்பணு கிளைவிடத் தூண்டும் ஐந்து அமினோ அமிலத் துண்டு ஒன்று உண்டு, ஐ.கே.வி.ஏ.வி. என்பார்கள். அதை இழையின் நுனியில் வைத்து, நரம்பு முன்னோடிச் செல்களோடு கலந்தார்கள். செல்கள் இருக்கும் ஊடகத்தின் உப்பே ஜெல்லாக்கியது, செல்கள் உள்ளே சிக்கி உயிரோடிருந்தன. லாமினினையே போட்டதைவிட வேகமாக நரம்பணுவாக மாறின, தழும்புத் திசுவுக்குக் காரணமான ஆஸ்ட்ரோசைட்டுகள் குறைவாகவே வந்தன. இழை மேற்பரப்பில் சேதி நெருக்கமாக அடுக்கி நிற்பதுதான் காரணம் என்று அப்போது விளக்கினார்கள். 2008இல் நார்த்வெஸ்டர்னின் நரம்பியலாளர் ஜான் கெஸ்லரோடு சேர்ந்து அதை எலியின் தண்டுவடத்தில் செலுத்தினார்கள். தழும்பு குறைந்தது, நரம்பு நார்கள் காயத்தைத் தாண்டி வளர்ந்தன, நடையில் முன்னேற்றமும் இருந்தது. அதாவது 2021க்கு 13 வருடம் முன்பே எலி கொஞ்சம் நடந்துவிட்டது. பின்னே நடுவில் இத்தனை காலம் என்ன செய்தார்கள்?

என் பார்வையில் அந்த நடுக்காலம்தான் ஸ்டப்பின் உண்மையான வேலை. பெரிய தலைப்புச் செய்தி ஒன்றும் இல்லை, அதனால் யாரும் சொல்வதில்லை.

2010இல் ஒரு வேடிக்கையான விஷயம் கண்டார்கள். பெப்டைடு ஆம்ஃபிஃபைல் கரைசலை 80 டிகிரிக்குச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால், சூட்டில் தட்டையான பாளங்களாகச் சேர்ந்தவை ஆறும்போது இழைக் கட்டுகளாகப் பிரிந்து, ஒரே திசையில் சாயத் தயாராக நின்றன. அந்தத் திரவத்தைப் பிப்பெட்டில் எடுத்து உப்புக் கரைசலுக்குள் இழுத்தபடியே விட்டால் இடியாப்பம் பிழிந்த மாதிரி நீளமான இழை வரும், அதற்குள் கோடானுகோடி நானோ இழைகளும் இழுத்த திசையிலேயே கிடக்கும். செல்களை உள்ளே வைத்துப் பிழிந்தால் செல்களும் அந்தத் திசையிலேயே நீண்டன. சூடாக்காமல் இதே வேலையைச் செய்தால் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். மூலக்கூறு அதேதான், அதற்கு நேர்ந்தது மட்டும் வேறு.

2016இல் இது இன்னும் கூர்மையானது. ஒரே மூலக்கூறை, உப்பின் அளவையும் தயாரிக்கும் வழியையும் மாற்றி, நீளமான இழைகளாகவும் குட்டை இழைகளாகவும் செய்ய முடிந்தது. நீளமானவற்றின் மேல் செல்கள் ஒட்டி வாழ்ந்தன. குட்டையானவை செல்களைக் கொன்றன. இதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்து என்றால் அமைப்பு வாய்ப்பாடு எழுதினால் போதும் என்றுதான் நமக்குச் சொல்லித்தருகிறார்கள். இங்கே வாய்ப்பாடு ஒன்றே, ஒரு பாட்டில் மருந்து, ஒரு பாட்டில் விஷம். உற்பத்தி செய்து விற்க நினைக்கும் கம்பெனிக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2014இல், ஒன்றுக்கொன்று தொடர்புள்ள இரண்டு கட்டுரைகள். ஒன்றில் ஸ்டப் குழுவின் ஜூலியா ஆர்டனி, இழையின் வெட்டுமுகத்தில் வெவ்வேறு ஆழங்களில் ஸ்பின் லேபிள் என்ற அடையாளத்தை வைத்து, அதன் அசைவைக் காட்டும் ஈ.பி.ஆர். நிறமாலை மூலம் எந்த ஆழத்தில் எவ்வளவு அசைவு இருக்கிறது என்று அளந்தார். 6.7 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு இழைக்குள்ளேயே சில ஆழங்களில் திரவத்துக்குரிய அசைவு, பீட்டா தாள் இருக்கும் இடத்தில் திடப்பொருளின் விறைப்பு. நாம் படத்தில் வரையும் நேர்த்தியான உருளை எல்லாம் வசதிக்காகத்தான். இன்னொன்றில் இறுக்கத்தை வைத்தே செல்லின் கதி மாறுவதைக் காட்டினார்கள்: நேர்மின்னேற்றம் உள்ள இழைகளில் ஹைட்ரஜன் பிணைப்பு பலமாக இருந்தால் செல்கள் பிழைத்தன, தளர்ந்திருந்தால் மூலக்கூறுகள் கழன்று செல்சவ்வுக்குள் புகுந்து செல்லைச் சிதைத்தன.

ஆக 2014இல் கையில் இருந்த பாடம் என்ன? இறுக்கமாகப் பிடி, தளர்த்தினால் ஆபத்து. இதே குழு ஏழு வருடம் கழித்து, தளர்த்தினால் நல்லது என்று சொல்கிறது. முரண் மாதிரி தெரியும், ஆனால் இல்லை. கழன்று ஓடுவது வேறு, இழைக்குள்ளேயே இருந்துகொண்டு அசைவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அளவுகோல் இல்லாமல் 2021 கட்டுரை எழுதியிருக்கவே முடியாது. அதில் வாலின், அலனின், கிளைசின்களை நடுப்பகுதியில் இடம் மாற்றி வைத்து ஒரு வரிசை மூலக்கூறுகள் செய்தார்கள். வாலின் பீட்டா தாளை இறுக்கும், கிளைசின் குலைக்கும். எது எவ்வளவு அசைகிறது என்பதை ஒளிர்வு அளவீட்டிலும் என்.எம்.ஆரிலும் கணினி உருவகத்திலும் பார்த்து, பிறகு செல்லில், பிறகு எலியில். சேதிகள் இரண்டு: ஒன்று பழைய ஐ.கே.வி.ஏ.வி., இன்னொன்று எஃப்.ஜி.எஃப்.-2 என்ற வளர்ச்சிக் காரணியைப் போலச் செய்யும் பெப்டைடு. அசைவு கூடியதில் ரத்தக் குழாய்கள் அதிகம் வளர்ந்தன, நரம்பு நார் வளர்ந்து அதன்மேல் மயலின் என்ற காப்பு உறை ஏறியது, இயக்க நரம்பணுக்கள் அதிகம் பிழைத்தன. ஏன்? செல்லின் ஏற்பிகளும் ஓயாமல் அசைகிறவை, விறைத்து நிற்கும் சேதியைவிட அசையும் சேதி அவற்றை அடிக்கடி சந்திக்கும் என்பது அவர்களின் ஊகம். கட்டுரைச் சுருக்கத்திலும் அதைக் கருதுகோள் என்றே எழுதியிருக்கிறார்கள். வீடியோக்களில் அந்தச் சொல் காணாமல் போய்விட்டது.

என் சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன். எலியின் தண்டுவடம் சின்னது, ஜெல் பரவ வேண்டிய தூரம் குறைவு. காயம்பட்ட மறுநாளே ஊசி போட்டார்கள், வருடக்கணக்காகச் சக்கர நாற்காலியில் இருப்பவரின் பழைய காயத்தைப் பற்றி அந்தக் கட்டுரை எதுவும் சொல்லவில்லை. எலியில் வென்று மனிதரிடம் தோற்ற தண்டுவட சிகிச்சைகள் ஏராளம். உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வீடியோவை அனுப்பி நம்பிக்கை கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். ஸ்டப்பின் கண்டுபிடிப்புகளை வைத்து நானோட்டோப் என்று ஒரு நிறுவனம் ஏற்கெனவே 2000களில் வந்தது, மருந்து எதுவும் வெளியே வரவில்லை. இப்போது ஆம்ஃபிக்ஸ் பயோ. தண்டுவட மருந்துக்கு 2025இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.விடம் ஆர்ஃபன் மருந்து என்ற தகுதி வாங்கியிருக்கிறார்கள். அரிய நோய்க்கான மருந்து என்று ஒப்புக்கொண்டு சில சலுகைகள் தருவது அது, விற்பனை அனுமதி இல்லை.

எனக்கு இதைவிடச் சீக்கிரம் பலன் தரும் என்று தோன்றுவது எலும்பும் குருத்தெலும்பும்தான். 2017இல் சர்க்கரை மாட்டிய ஒரு இழை, எலும்பு வளர்க்கும் பி.எம்.பி.-2 புரதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டதால், எலிகளில் முதுகெலும்பு இணைப்புக்குத் தேவைப்பட்ட புரத அளவை நூறில் ஒரு பங்காகக் குறைத்தது. அந்தப் புரதம் விலையும் அதிகம், அளவு கூடினால் பக்கவிளைவும் அதிகம், ஆகவே இது வெறும் கட்டுரைச் சாதனை இல்லை. 2024இல் ஹயலூரானிக் அமிலத்தோடு பெப்டைடைச் சேர்த்து ஆட்டின் முழங்கால் மூட்டில் குருத்தெலும்பை வளர்த்துக் காட்டினார்கள், ஆறு மாதம் பார்த்தார்கள். ஆட்டு மூட்டு எடை தாங்குவதில் நம்முடையதுக்குக் கொஞ்சம் கிட்ட வரும், எலியைவிட நம்பலாம். இதற்கு நடுவே சூரிய ஒளியில் ஹைட்ரஜன் தயாரிக்கும் ஜெல், ஒளி பட்டால் ஊர்ந்து நகரும் ஜெல் என்று வேறு வேறு பக்கமும் போயிருக்கிறார், அவை வேறு கதை.

துறை என்றால் ஸ்டப் மட்டும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதலில் போனவர்கள் வேறு ஆட்கள். எம்.ஐ.டி.யில் ஷுகுவாங் ஜாங் 1990 வாக்கில் ஈஸ்ட்டின் ஒரு புரதத்தில் பார்த்த, மின்னேற்றம் மாறி மாறி வரும் பெப்டைடு வரிசையிலிருந்து வந்ததுதான் ராடா-16. வாலும் இல்லை, சேதியும் இல்லை, வெறும் 16 அமினோ அமிலம். இன்று எண்டோஸ்கோபியில் ரத்தக்கசிவை நிறுத்தும் தெளிவான ஜெல்லாக, ப்யூராஸ்டாட் என்ற பெயரில் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தின் லீட்ஸில் அமாலியா அகேலி 1997இல் நேச்சரில் எழுதிய பீட்டா தாள் நாடாக்களின் வழிவந்த பி11-4, ஆரம்பநிலைப் பல் சொத்தைக்குப் பூசும் மருந்தாகிவிட்டது. இஸ்ரேலின் எஹுத் காஸிட் 2003இல் இரண்டே இரண்டு ஃபீனைல்அலனின் சேர்ந்தாலே நானோ குழாய் வரும் என்று காட்டினார். எளிமையான மூலக்கூறுதான் வேகமாகக் கடைக்குப் போயிருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? ஸ்டப்பின் மூலக்கூறுகள் அதிகம் சொல்லித் தருகின்றன, அதே காரணத்தால் தயாரிக்கவும் அனுமதி வாங்கவும் சிரமமானவை.

கடைசியாக, நீங்கள் போவது. எம்.எஸ்சி. முடிக்கும் முன் பெப்டைடு செய்யத் தெரிந்த ஒரு ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் பிடியுங்கள். ஐ.ஐ.டி.க்கள், ஐசர்கள், கொல்கத்தாவின் ஐ.ஏ.சி.எஸ்., மொஹாலியின் நானோ அறிவியல் நிறுவனம் என்று பெப்டைடு ஜெல் செய்யும் குழுக்கள் நாட்டிலேயே இருக்கின்றன, அமெரிக்கா போனால்தான் தொடங்க முடியும் என்பது இல்லை. செய்முறை, எச்.பி.எல்.சி., மாஸ் ஸ்பெக் கையில் வந்துவிட்டால் அதோடு சி.டி. நிறமாலை (218 நானோமீட்டர் பக்கம் பள்ளம் தெரிந்தால் பீட்டா தாள்), எலக்ட்ரான் நுண்ணோக்கி, ரியாலஜி (ஜெல்லின் விறைப்பை அளப்பது) இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். செல் வளர்ப்பை நீங்களே கொஞ்சமாவது செய்யுங்கள், நிபுணர் ஆக வேண்டாம், உங்கள் தூளைச் செல்லுக்குப் போடுகிறவர் என்ன தவறு செய்யக்கூடும் என்று தெரிகிற அளவுக்குப் போதும். நேர்காணலில் "ஸ்டெம் செல்லில் ஆர்வம்" என்று சொல்லாதீர்கள், அதை எல்லோரும் சொல்கிறார்கள். 2016 கட்டுரையைப் படித்துவிட்டு, ஒரே மூலக்கூறு இரண்டு விதமாக ஏன் நடந்துகொண்டது என்று உங்கள் சொந்த வார்த்தையில் விளக்கிப் பாருங்கள். படிக்கும்போது முதன்மைக் கட்டுரையோடு நிற்காமல் இணைப்புக் கோப்பையும் திறங்கள், எந்தக் கரைசலை எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்பது எல்லாம் அங்கேதான் இருக்கும்.